கருப்பு ஜன்னலைச் சிறிதாக்கிய வருடங்கள்

நானும் பிறகு என் கணவரானவரும் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்களாக வேலை பார்த்தோம். எந்தப் பெட்டி உள்ளே வந்தது, எது வெளியே போனது, எந்த வரிசையில் எந்த அடுக்கில் நிற்கிறது என்று நாள் முழுக்கத் தட்டுவதுதான் வேலை. தொண்ணூறுகளின் கடைசி அது. மெஷின்களில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற சிஸ்டம் போட்டிருந்தார்கள். வேலையெல்லாம் டெர்மினல் என்கிற ஒரே ஜன்னலுக்குள்தான் நடந்தது. அதில் படம் கிடையாது, பட்டன் கிடையாது, வெறும் எழுத்துதான். நாம் ஒரு வரி தட்டினால் அது ஒரு வரி பதில் சொல்லும்.

நான் சேர்ந்த புதிதில் என் ஜன்னல் வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்தாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் கண் எரிய ஆரம்பித்துவிடும். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து வேலை செய்வதைப் பக்கத்து மேஜைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இன்னாம்மா, கண்ணு எரியுதா? டியூப்லைட்ட உத்துப் பாத்துகினே வேலை செஞ்சா எரியாம இன்னா பண்ணும்? கொஞ்சம் எழுந்திரு."

என் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ ஒரு ஃபைலைத் திறந்து நாலு வரி எழுதினார். ஜன்னலை மூடித் திறந்ததும் பின்னணி கருப்பாகவும் எழுத்து வெளிர் மஞ்சளாகவும் மாறியிருந்தது. வெயிலில் நடந்துவந்து வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது எனக்கு. "இப்போ?" என்று கேட்டார். "நல்லாகீது சார்" என்றேன்.

அவருடைய மெஷினில் எப்போதும் இரண்டு ஜன்னல்கள் திறந்திருக்கும். உள்ளே வரும் பெட்டிக்குக் கரும்பச்சை, வெளியே போகும் பெட்டிக்குக் கருநீலம். மாற்றித் தட்டிவிடக் கூடாது என்பதற்காக. ஓய்வு கிடைத்தால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குவார், கர்சர் துடிப்பதை நிறுத்துவார், ஓரத்தில் இருக்கும் பட்டையை எடுத்துவிடுவார். சிலர் பைக்கைத் துடைப்பார்கள் இல்லையா, அப்படி அந்த ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டோம். என் வீடு வியாசர்பாடி, அவர் வீடு ராயபுரம். இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் பேஜாரு நடந்து அடங்கியது. ராயபுரத்தில் மாடிப் போர்ஷன் ஒன்றில் அவருடைய அம்மாவோடு குடியிருந்தோம். ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி அதிலும் லினக்ஸ் போட்டார்.

வேலை முடிந்து இருட்டுகிற நேரத்தில் நாங்கள் சேர்ந்துதான் பஸ்ஸுக்கு நடப்போம். டிரெய்லர் லாரிகள் வரிசையாகப் போகும் ரோடு. தூசியில் தெருவிளக்கே மங்கலாகத்தான் தெரியும். ரோட்டைக் கடக்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார். கடந்த பிறகும் விடமாட்டார். அலுவலகத்துப் பெண்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். அத்தனை பேர் பார்க்கிற ரோட்டில் பொண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆண் எங்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

வீட்டில் மாடிப்படி ஏறும்போது தடுக்கும். வாசலில் வைத்த குடத்தில் இடித்துக்கொள்வார். அவருடைய அம்மா, "சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான். எங்க பாத்து நடக்கிறான்?" என்று திட்டுவார். அவரும் சிரித்துக்கொள்வார். பொழுது சாய்ந்தால் எல்லோருக்கும் அப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் நல்ல வெயில் நேரத்தில் யார்டுக்குள் அவர் நடந்துபோய்க்கொண்டிருந்தபோது, பக்கவாட்டில் ஒரு டிரெய்லர் ரிவர்ஸ் வந்திருக்கிறது. கிளீனர் கத்தியும் அவருக்கு எந்தப் பக்கம் நகர்வதென்று தெரியவில்லை. அந்தக் கிளீனர்தான் குதித்துவந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். "யோவ், வண்டி இம்மாம் பெருசா வருது, கண்ணு தெர்ல?" என்று கிளீனர் கத்தியது எங்கள் அறைவரை கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வெளுத்துப்போய் நின்றார். "மெய்யாலுமே தெர்ல" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றேன். பொத்தான் சத்தம் வரும், நின்றுவிடும். வெகுநேரம் சத்தமே வராது.

டாக்டர் நல்லவர், பொறுமையாகச் சொன்னார். "கண்ணுக்குள்ள இருக்கிற விழித்திரை ஓரத்திலேர்ந்து கெட்டுக்கிட்டே வருது. ஒரு குழாய் வழியா பாக்கற மாதிரி நடுவுல மட்டும்தான் இப்ப தெரியுது. அந்தக் குழாய் இன்னும் சின்னதாகும். இதுக்கு மருந்து இல்லம்மா." பிறகு, "அப்பா அம்மா சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களா?" என்று கேட்டார். ஆமாம், அவருடைய அம்மா, என் அத்தை, தன் மாமாவைத்தான் கட்டியிருந்தார். சில சமயம் அப்படி வருவதுண்டு என்றார் டாக்டர்.

அத்தையிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தோம். ஆனால் அவர் கேட்டார், மகன் சொல்லிவிட்டார். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து, "என் வவுத்துலேர்ந்து வந்ததா நைனா?" என்றார். அதற்குப் பிறகு மகன் தடுக்கினாலோ இடித்துக்கொண்டாலோ அத்தை திட்டவே இல்லை. அந்தத் திட்டு நின்றதுதான் வீட்டை ரொம்ப அமைதியாக்கியது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மவுஸ் அம்பு எங்கே போனதென்று தேடுவார். ஜன்னலின் மூலை தெரியாது. வரியின் ஆரம்பம் தெரிந்தால் முடிவு தெரியாது. கண் தெரியாதவருக்கு எழுத்தைப் பெரிதாக்குவதுதானே முறை என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கும்போது நானே ஜன்னலின் அமைப்பு இருக்கும் அந்த ஃபைலைத் திறந்து எழுத்தின் அளவை இரண்டு மடங்காக்கினேன். எழுந்துவந்து பார்த்தார். தலையை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நல்லா தெரியுதாயா?"

"பெருசா வெச்சா ரெண்டு எழுத்துதான் உள்ள வருது. மிச்சத்த தேடவேண்டிகீது. சின்னதா வை. எழுத்தையும் சின்னதா வை, ஜன்னலையும் சின்னதா வை."

அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் குழாய் என்றால் என்னவென்று புரிந்தது.

அதிலிருந்து அந்த ஃபைல் என் பொறுப்பாயிற்று. அதன் பெயர் ஒரு புள்ளியில் ஆரம்பிக்கும். அதனால் சாதாரணமாகக் கண்ணில் படாது. கேட்டால்தான் காட்டும். எத்தனை எழுத்து அகலம், எத்தனை வரி உயரம், திரையில் எந்த இடம், என்ன நிறம் எல்லாம் அதில் இருக்கும். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லுவார், நான் மாற்றுவேன். ஜன்னலைத் திரையின் நடுவில் கொண்டுவந்தோம். சுற்றிலும் வெறும் கருப்பு. வெளிச்சம் கூசியதால் வெள்ளை எழுத்தைக் கொஞ்சம் அடக்கினோம். கர்சரைச் சிவப்புக் கட்டையாக்கினோம். சில மாதத்துக்கு ஒரு முறை, "ரெண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் வெட்டிக்கோ" என்பார். நான் எண்ணைக் குறைப்பேன். ஃபிளாப்பியில் ஏற்றி ஆபீஸுக்குக் கொண்டுபோய் அவர் மெஷினிலும் போடுவேன்.

ஒரு நாள் மேனேஜர் பின்னால் வந்து நின்று, "இன்னாப்பா இது, இம்மாம் பெரிய மானிட்டர்ல ஸ்டாம்ப் ஒட்டின மாதிரி வெச்சிகினுகீற?" என்று சிரித்தார். அவரும் சிரித்தார். நான் குனிந்து தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துப் பார்த்தார். கண்ணைப் பார்த்தால் வாய் தெரியாது, வாயைப் பார்த்தால் கண் தெரியாது. முகத்தை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, வரி படிப்பதுபோலப் படித்தார். "உன் மூக்குதான்" என்றார். பிறகு வெகுநேரம் கழித்து, "சிரிச்சா சொல்லு. நான் கண்ணப் பாத்துகினு இருந்துடப் போறேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. பால் கொடுக்கிற நேரத்தில் அழக் கூடாதென்று நர்ஸம்மா அதட்டினார்.

குழந்தை நடக்கப் பழகிய சமயத்தில் ஆபீஸில் புது சாஃப்ட்வேர் வந்தது. எல்லாம் சாம்பல் நிறம். மேல் மூலையில் ஒரு பட்டன், கீழ் மூலையில் ஒரு பட்டன், எதைச் செய்தாலும் மவுஸ். போட வந்த பையனிடம் அவர் கேட்டார்: "இத சின்னதாக்கி நடுவுல வெச்சிக்க முடியுமா தம்பி? கலரயாவது மாத்த முடியுமா?" அந்தப் பையனுக்குக் காரணம் தெரியாது. "அதெல்லாம் ஃபிக்ஸட் சார். மாத்த முடியாது" என்று மரியாதையாகத்தான் சொன்னான்.

அவர் பழகிப் பார்த்தார். அம்பைத் தேடித் தேடிக் கழுத்து வலி வந்தது. என் வேலையை முடித்துவிட்டு அவருடையதையும் நான் தட்டினேன். ஒரு நாள் நான் குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவில் இருந்தபோது, அவர் தட்டிய ஒரு பெட்டி வேறு கப்பலுக்குப் போய்விட்டது. மேனேஜர் திட்டவில்லை. யார்டு கேட்டில் உட்கார்ந்து அங்கே வரும் போனை எடுக்கச் சொன்னார். அவரும் கொஞ்ச நாள் அங்கே உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஒரு நாள் சாயந்திரம் பஸ்ஸில், "இனிமே நீ மட்டும் வா. நான் வூட்ல குழந்தைய பாத்துக்கறேன்" என்றார். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாத துக்கம் அது. யாரையாவது திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வீட்டில் அவருக்கு அந்தக் கருப்பு ஜன்னல் மிச்சமிருந்தது. டெலிபோன் லைனில் இன்டர்நெட் போட்டு, லினக்ஸ்காரர்கள் மெயிலில் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்கிற ஒரு குழுவில் சேர்ந்தார். எங்கெங்கோ இருக்கிறவர்கள் கேட்பார்கள்: எழுத்து உடைந்து தெரிகிறது, நிறம் ஒட்ட மாட்டேனென்கிறது, ஜன்னல் தப்பான இடத்தில் திறக்கிறது. இவர் பொறுமையாகப் பதில் எழுதுவார். ஒரு சொல்லை மட்டும் பார்க்க முடிகிற கண்ணோடு, வரி வரியாக நகர்த்திப் படித்துத்தான் அந்தப் பதில்களை எழுதினார். கேட்டவர்கள் யாருக்கும் அது தெரியாது. அவர் சொன்னதும் இல்லை. யாராவது நன்றி எழுதினால் அன்றைக்குச் சாப்பிடும்போது என்னிடம் சொல்லுவார்.

பிறகு நடுவிலும் பனி படர ஆரம்பித்தது. நிறத்தை மாற்றினேன். மஞ்சள், அப்புறம் வெளிர்பச்சை, அப்புறம் மறுபடி வெள்ளை. ஒவ்வொரு தடவையும், "இது தேவல" என்றார். தேவலையாக இல்லாமலே கூடச் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு காலையில் நான் வேலைக்குக் கிளம்புமுன் வழக்கம்போலக் கம்ப்யூட்டரைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். எழுத்து வந்துவிட்டது. சிவப்புக் கர்சர் நிற்கிறது. அவர் திரையை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆன் பண்ணியா?" என்றார்.

"இல்லயா. கரண்ட் போயிடுச்சி" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தி மெதுவாக, "ஃபேன் சுத்துதே" என்றார்.

நான் அவர் பின்னால் நின்று இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீ கெளம்பு. பஸ் போயிடப் போவுது" என்றார். அன்றைக்கு நான் போகவில்லை. குழந்தையும் அத்தையுமாக நாலு பேரும் மதியம்வரை அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தோம். குழந்தை மட்டும் நடுவில் விளையாடிக்கொண்டிருந்தது.

திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் ஒரு சாஃப்ட்வேரைத் தேடிப் போட்டுப் பார்த்தோம். அது ஏதோ வெளிநாட்டுக்காரன் மூக்கடைப்போடு பேசுவதுபோல் பேசியது. குழந்தை அதே மாதிரி பேசிக்காட்ட, அவர் வாய்விட்டுச் சிரித்தார். சில மாதம் அதோடு மல்லுக்கட்டினார். பிறகு, "காதுல வாங்கி முடிக்கறதுக்குள்ள மனசு எங்கயோ போயிடுது" என்று விட்டுவிட்டார்.

ஆனால் மெயில்கள் வந்துகொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படித்துச் சொல்வேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடி பதில் சொல்ல, நான் தட்டி அனுப்புவேன். ஒரு தடவை யாரோ ஒருவர், இவர் எப்போதோ குழுவில் போட்டிருந்த அமைப்பு வரிகளை அப்படியே தன் மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார். நிறம் அருமை, கர்சர் அருமை, ஆனால் ஜன்னல் ஏன் இத்தனை சின்னதாக இருக்கிறது, ஏதாவது தவறா என்று கேட்டிருந்தார்.

படித்துவிட்டு நான் அவரைப் பார்த்தேன். குழந்தை அவர் வயிற்றின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கை அவள் முதுகில் இருந்தது.

"இன்னா எழுதட்டும்யா?"

"தப்பு ஒண்ணும் இல்ல, எங்க வூட்டு வசதிக்கு அப்படி வெச்சிருந்தோம்னு எழுது. பெருசா வேணும்னா எந்த நம்பர மாத்தணும்னும் சொல்லிடு. பாவம், தேடிகினு இருப்பாரு."

அப்படியே எழுதினேன். எந்த எண் அகலம், எந்த எண் உயரம் என்று விளக்கி, கீழே அவர் பெயரைப் போட்டு அனுப்பினேன்.