புசல்லாவைக்கு வேர் வாங்கப் போனது

‘சரிவான நிலங்களில் உள்ள மரங்களை வெட்ட வேண்டாம்’ என்று கண்டிப் பக்கம் எங்காவது தமிழில் ஓர் அறிவிப்பைப் பார்த்திருந்தால், அந்த வாசகம் என்னுடையதாக இருக்கலாம். நான் மொழிபெயர்ப்பாளன். ‘வெட்டாதீர்’ என்பதா, ‘வெட்ட வேண்டாம்’ என்பதா என்று அரை நாள் யோசித்துத்தான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமே ஆள் பிடித்து, என் வீட்டுக்குப் பின்னால் சரிவில் நின்ற இரண்டு மாமரங்களையும் ஒரு ஜம்பு மரத்தையும் வெட்டினேன். ஜன்னலிலிருந்து கண்டி வாவி தெரிய வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. தெரிந்தது, ஒரு கைக்குட்டை அளவுக்கு.

சரிவின் அடியில் ஜெஸீமா டீச்சரின் வீடு. ஓய்வுபெற்றுத் தனியாக இருப்பவர். அவருடைய குசினிச் சுவருக்கும் என் சரிவுக்கும் நடுவே ஆறடிதான். மரம் விழுந்த அன்று கீழே நின்று, “மண்ணு வராதா சேர்?” என்று கேட்டார். “ஒன்றும் வராது டீச்சர்” என்றேன். நான்கு வருடம் ஒன்றும் வரவில்லை. அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். போன வாரம், வெட்டிய கட்டைகளுக்குச் சற்று மேலே, பிறை வடிவத்தில் ஒரு வெடிப்பு தெரிந்தது. விரல் நுழைந்தது. கிராம சேவகரிடம் சொன்னேன். பார்க்க ஆட்கள் வருவார்கள், ஆனால் மலைநாடு முழுக்க வெடிப்பு இருப்பதால் வரிசை நீளம் என்றார். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றத்தில்தான் இந்தப் பயணம்.

காலை 6.40. கண்டியிலிருந்து நுவரெலியா பஸ். புசல்லாவைக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். சரிவுகளில் நடுவதற்கென்றே அங்கே புவனேஸ்வரி என்றொரு பெண் செடி, கன்றுகள் வளர்த்து விற்கிறார் என்று நண்பர் ஒருவர் தொலைபேசி இலக்கம் தந்திருந்தார். மனைவி கமலாவிடம் அடிமட்டத்தைக் கொடுத்து, மணிக்கொரு தடவை வெடிப்பை அளக்கச் சொல்லிவிட்டு ஏறினேன்.

7.40. கம்பளை. மகாவலி கலங்கி, தேத்தண்ணீர் நிறத்தில் ஓடியது. மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. கமலாவை அழைத்தேன்.

“வெடிப்பு நல்லா இருக்கு. நான் எப்படி இருக்கேன்னு கேக்கல” என்றாள்.

பக்கத்து இருக்கைக்காரர் பெரிய சாக்குக் கட்டோடு வந்த வியாபாரி. விஷயத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, “ஒங்கட ஊடு மேலயா, கீழயா?” என்றார்.

“மேல.”

“அப்ப ஏன் இப்பிடிப் பயப்படுறீங்க? தப்பினீங்க!” என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டு புசல்லாவை வரை வலித்தது.

8.50. புசல்லாவை. கடைத்தெருவிலிருந்து முச்சக்கர வண்டியில் பத்து நிமிடம், அதன் பிறகு ஏற்றம். தேயிலைக்கு நடுவே பாதி ஏக்கர் நாற்றுத் தவறணை. பைகளில் வரிசை வரிசையாகக் கன்றுகள். புவனேஸ்வரிக்கு நாற்பது வயதிருக்கும். முன்பு கொழுந்து பறித்தவர். இப்போது இதுதான் தொழில். ஒரு வெட்டிவேர்த் தூரைப் பிரித்து, கத்தியால் இலையை வெட்டினார். பிறகு வேரையும் வெட்டினார்.

“ஐயோ, நான் வேருக்காகத்தானே வந்தேன்!”

“பழைய வேரு ஒங்க மண்ணுக்கு எதுக்கு சார்? அங்க போயி புதுசா விடட்டும்” என்றவர், நிமிர்ந்து பார்த்தார். “மரம் வெட்டி எத்தன வருஷமாச்சி?”

“நாலு. நாலு வருஷமும் ஒன்றும் ஆகவில்லை.”

கத்தி நின்றது. “ஆகாது சார். மரம் செத்தாலும் வேரு கொஞ்ச நாளைக்குப் புடிச்சிக்கிட்டுதான் இருக்கும். உள்ள மக்குன பொறகுதான் மண்ணு வெலகிக்கிரும். எங்க லயத்து வீடுங்களுக்கு மேல மரம் வெட்டி மூணாவது வருஷந்தான் சரிஞ்சிச்சி. ஆளுங்க எல்லாம் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தோம், தப்பிச்சோம்.”

நான் எதையெல்லாம் என் துணிச்சல் என்று நினைத்திருந்தேனோ, அதெல்லாம் அந்தச் செத்த ஜம்பு மரத்தின் உழைப்பு.

“ஒங்க கூரைத் தண்ணி எங்க போகுது?”

“சரிவில்தான்.”

“நல்ல ஆளு சார் நீங்க!” அவர் சிரித்தாலும் சொன்னதெல்லாம் கண்டிப்பாக இருந்தது. இன்றைக்கே தண்ணீரைக் குழாய் வைத்து வேறு பக்கம் திருப்ப வேண்டும். வெடிப்புக்குள் மழை இறங்காதபடி களிமண்ணால் அடைக்க வேண்டும். வெட்டிவேரைக் குறுக்கு வரிசையாக நட வேண்டும். அது மேல் மண்ணைப் பிடிக்கும். அடி மண்ணுக்கு மரவேர்தான் வேண்டும், ஆகவே நடுவில், ஊன்றினாலே வேர்விடும் கிளிசரியாக் கம்பு, அடியில் பலாக்கன்று. வெடிப்பின் விளிம்பில் பாரமான மரம் கூடாது.

“இது எல்லாம் இந்த மழைக்கு உதவாது சார். அடுத்த மழைக்குத்தான். இந்த மழைக்கு கீழ இருக்கவங்கள அங்கயிருந்து எழுப்பிடுங்க.”

பிற்பகல் 1.15. முந்நூறு வெட்டிவேர், நாற்பது கம்பு, மூன்று பலாக்கன்று. கொண்டக்டர் மூட்டைகளுக்கும் டிக்கட் எழுதினார். கம்பளைக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கமலாவை அழைத்தேன்; அவள் முந்திக்கொண்டாள்.

“இப்ப ரெண்டு விரல் போகுது.”

“டீச்சரை மேலே கூப்பிடு. உடனே.”

“கூப்பிட்டேன். சோறு அடுப்புல இருக்காம்.”

“அடுப்பு குசினியில்தானே இருக்கிறது!” பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கெலிஓயாவில் வாகனங்கள் நெரிந்து இருபது நிமிடம் நின்றோம். அந்த இருபது நிமிடத்தில் டீச்சரின் குசினியை நான் பத்துத் தடவை மண்ணில் புதைத்தேன். கமலாவின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

4.05. வீடு. நனைந்த மூட்டைகளோடு உள்ளே ஓடினேன். ஜெஸீமா டீச்சர் என் கதிரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் சோற்றுப் பானை. சோறு வடிக்கும் வரை கமலா குசினி வாசலிலேயே நின்று, அவரைக் கையோடு கூட்டி வந்திருக்கிறாள். அவருக்கு நேரே ஜன்னல். ஜன்னலில் வாவி, கைக்குட்டை அளவுக்கு. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த மழையில் மண் ஒரு சாண் இறங்கி நின்றது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது. என் பங்கு அதில் இல்லை. மழை விட்டதும் புவனேஸ்வரி சொன்னபடி எல்லாம் செய்தோம். மூன்று வாரத்தில் கம்புகள் துளிர்த்தன. டீச்சரைக் கூப்பிட்டு வந்து, வரிசை வரிசையாகக் காட்டி, வேர்கள் மண்ணை எப்படிப் பிடிக்கும் என்று ஒரு விரிவுரையே நிகழ்த்தினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இந்த வேரெல்லாம் நல்லா எறங்க எவ்வளவு காலம் போகும் சேர்?” என்றார்.

“இரண்டு வருஷம் போகும் டீச்சர்.”

“அப்ப அந்த ரெண்டு வருஷமும் நீங்க எங்கட குசினியில படுங்க. நான் மேல வந்து ஒங்கட ஜன்னலால கொளத்தப் பாத்துக்கொண்டு ஈக்கிறன்.”