வலது மூலை

பெட்டியக்கா எதற்கும் அசராதவள் என்று எங்கள் தெருவே நினைத்துக்கொண்டிருக்கிறது. அவள் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்பது பக்கத்து வீட்டுக்காரியான எனக்குத்தான் தெரியும்.

மதியச் சாப்பாடு சமைத்துக் கடைகளுக்கும் ஆபீசுகளுக்கும் அனுப்புவது அவள் தொழில். சுடச்சுடப் போட்ட சோற்றில் பிளாஸ்டிக் டப்பா இளகி நெளிந்ததைப் பார்த்து ஒருநாள் மிரண்டுபோனாள். அன்றோடு அட்டைப்பெட்டிக்கு மாறினாள். பட்டப்பெயரும் அப்போதுதான் ஒட்டிக்கொண்டது. ஆனால் டப்பா என்றால் உள்ளே இருப்பது வெளியே தெரியும், அட்டையில் தெரியாது. மேலே பேனாவால் எழுதேன் என்றேன். ஆவியில் மை கசிந்து சோற்றில் இறங்கினால் நீயா பதில் சொல்வாய் என்று முறைத்தாள். கடைசியில் அவளே ஒரு வழி செய்தாள். நிலக்கடலை அரைத்துச் சேர்த்த சாப்பாட்டுக்கு மூடியின் இடது மூலையை மடிப்பாள், சேர்க்காததற்கு வலது மூலை.

கடலை வேண்டாம் என்பவர்கள் பாதிப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அது நாக்குச் சமாச்சாரம். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு மட்டும் உயிர்ச் சமாச்சாரம். போன வருஷம் ஒரு விருந்தில் தெரியாமல் கடலை ஒரு வாய் உள்ளே போய், தொண்டை வீங்கி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவர்.

போன செவ்வாய்க்கிழமை ஆர்டர் அதிகம் என்று ஓரகத்தியை உதவிக்குக் கூப்பிட்டிருந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். அக்கா சமைத்தாள், ஓரகத்தி பெட்டியில் போட்டு மடித்தாள், அக்காவின் புருஷன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். மிச்சமிருந்த ஒரு பெட்டியை அக்கா தனக்கென்று எடுத்தாள். வலது மூலை மடித்திருந்தது. ஒரு வாய் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நாக்கில் கடலை.

ஓரகத்தி பதறிப்போய், "கடலைக்கு இடது பக்கம்தானேக்கா மடிச்சேன்" என்று ஒரு பெட்டியை எடுத்து மடித்துக் காட்டினாள். அவள் இடக்கைக்காரி. கைக்கு வாகாகப் பெட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இடது, நமக்கு வலது. அத்தனை பெட்டியும் தலைகீழ்.

மணி ஒன்றாகப் பத்து நிமிஷம். ஒரு மணிக்குக் கண்ணாடிக் கடைக்காரர் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். புருஷனுக்கு போன் போட்டாள். அந்த மகராசன் வண்டியில் ஏறினால் போனைச் சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டிவிடுவார். கடைக்குப் போட்டாள். அங்கே கண்ணாடி தேய்க்கிற மெஷின் ஓடினால் இடி விழுந்தாலும் கேட்காது. அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினாள். நான் அணைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். நாலு தெரு. வழியில் அவள் செருப்பு அறுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் எங்கோ கேட்டது. அவள், "ஐயோ, அவர் பொண்ணு இன்னும் பள்ளிக்கூடம் போறாளே" என்று அதையே சொல்லிக்கொண்டு ஓடினாள்.

கடைக்குள் நுழைந்தபோது மெஷின் நின்றிருந்தது. அவர் மூடியைத் திறந்து, குழம்பைப் பிசைந்து, ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள். சோறு மேஜையிலிருந்த மூக்குக்கண்ணாடிகள் மேலெல்லாம் தெறித்தது.

விஷயத்தைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். மனுஷர் கோபப்படவில்லை. அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "பெட்டி வந்ததும் மூலையை மட்டும்தாம்மா பார்ப்பேன். நீங்க மடிச்சதாச்சே, வேற எதையும் பார்க்கிறதில்ல."

அதைக் கேட்டதும்தான் அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் வீட்டில் நிலக்கடலை வாங்குவதே இல்லை. ருசி போச்சு என்று நாலைந்து பேர் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டார்கள், போகட்டும் என்கிறாள். ஆனாலும் கண்ணாடிக் கடைப் பெட்டிக்கு மட்டும் வலது மூலையை அவளே மடிக்கிறாள். இன்றைக்கும் பார்த்தேன். மடித்ததைப் பிரித்து உள்ளே பார்த்தாள், மூடினாள். வண்டி கிளம்புகிற நேரத்தில் ஓடிப்போய் மறுபடியும் பிரித்துப் பார்த்தாள்.