ஹெக்டே சார் முன்னாடி ஆமை வரல

எலக்ட்ரிக் கார் சர்வீஸ் சென்டர் கவுண்டர்ல நிக்கிறவனுக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான்: கம்பெனி முடியாதுன்னு சொல்றத கஸ்டமர்கிட்ட சிரிச்சிக்கிட்டே சொல்லணும், கஸ்டமர் கத்துறத கம்பெனிகிட்ட இங்கிலீஷ்ல சொல்லணும். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. அதனால கஸ்டமர் மாதிரியே பேசி நடிச்சுக் காட்டிடுவேன். இன்னும் வேலையிலதான் இருக்கேன். என்ன மாதிரியே கவுண்டர்ல நின்னு திட்டு வாங்குற அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிங்களே, நம்ம கதையக் கேளுங்க.

ஏசியா, ஆமையா

ஜோகுபாளையம் அந்தோணி அண்ணன் டாக்ஸி ஓட்டுறவரு. அப்பா கோலார் தங்கவயல்ல சுரங்கத்துக்குள்ள இறங்குனவரு. இவரு ரொம்ப வருஷம் அடுத்தவங்க வண்டிய ஓட்டிட்டு, இப்பத்தான் சொந்தமா ஒரு எலக்ட்ரிக் கார் எடுத்தாரு. ஏர்போர்ட் சவாரி ஏத்திக்கிட்டு ஹெப்பால் ஃப்ளைஓவர் ஏறுனா போதும், மீட்டர்ல ஆமை படம் வந்துடும். ஆமை வந்தா பேட்டரிக்கு மூச்சு வாங்குதுன்னு அர்த்தம். அப்புறம் வண்டி ஆமை வேகந்தான். பின்னாடி வர்ற பிஎம்டிசி டவுன் பஸ்ஸு ஹாரன் அடிச்சே நம்மள ஏர்போர்ட்ல சேத்துடும்.

பேட்டரி வாரண்டி இந்த மாசக் கடைசியோட முடியுது. அதுக்குள்ள மாத்தலேன்னா வண்டிய வித்துட்டு, மறுபடியும் யாராவது ஓனர்கிட்ட சாவிக்குக் கை நீட்டணும். அந்தக் கவலையிலயும் மனுசன் என்கிட்ட கேட்டாரு பாருங்க: "மணி, பேசஞ்சர் ஏசி போடச் சொல்றான், வண்டி ஆமைய போடுது. நான் யாரு பேச்சக் கேக்குறது?"

பொண்ணு பாக்குற அலங்காரம்

வாரண்டில பேட்டரி குடுக்கணும்னா கம்பெனி இன்ஜினியர் ஹெக்டே சார் வந்து பாக்கணும். கம்ப்யூட்டர்ல பழைய எரர் எல்லாம் இருக்கு, ஆனா அது பத்தாதாம். அவரு லேப்டாப்ப மாட்டிட்டு பக்கத்துல உக்காந்திருக்கும்போது ஆமை வரணுமாம்.

சார் வர்ற அன்னிக்கு அந்தோணி அண்ணன் வண்டி வந்த அழகு இருக்கே! வாட்டர் வாஷ், டேஷ்போர்டுக்கு பாலிஷ், புது சீட் கவர், கண்ணாடில புது ஜெபமாலை, சார்ஜ் ஃபுல்லு. "என்னாண்ணே, பொண்ணு பாக்கவா வர்றாங்க?"ன்னேன். "பெரிய மனுசன் உக்கார்ற வண்டி, அழுக்கா கொண்டாந்து நிறுத்த முடியுமா?"ன்னாரு. ஜுரத்தக் காட்டப் போறவன் ஜுர மாத்திரைய முழுங்கிட்டுப் போன கதைதான். ஃபுல் சார்ஜ்ல எந்த ஆமை வரும்? ஏசியும் போடல, சாருக்கு சளி புடிச்சுடுமாம். வண்டி மயில் மாதிரி போய் மயில் மாதிரி வந்துச்சு.

நான் கெஞ்சுனதுல இன்னும் ஒரே ஒரு தடவ வந்து பாக்குறேன்னு ஒத்துக்கிட்டாரு சார். அப்பவும் வரலேன்னா ஃபைல் க்ளோஸ். போகும்போது என் தோளத் தட்டிட்டுக் கன்னடம் கலந்து சொன்னாரு: "இஷ்டு சக்கத்தா, இவ்வளவு ஜோரா ஓடுற வண்டிக்குப் பேட்டரி மாத்துனா, கம்பெனில என்னையே மாத்திடுவாங்க ரீ!"

ரோஸ்லின் ஆன்ட்டி கேக்

சார் ரெண்டாவது தடவ வர்ற அன்னிக்குக் காலையில நம்ம கஸ்டமர் ரிச்சர்ட்ஸ் டவுன் ரோஸ்லின் ஆன்ட்டி போன். "பேட்டரி செத்துப்போச்சு மேன், வாரண்டில புதுசு போடு!" இருக்குற டென்ஷன்ல இது வேறயான்னு ஓடுனேன். பாத்தா வண்டிய ஓட்டுற பெரிய பேட்டரி கல்லு மாதிரி இருக்கு. பானெட்டுக்குள்ள லைட்டுக்கும் லாக்குக்கும்னு ஒரு குட்டி பேட்டரி இருக்கும்ல, அதுதான் இறங்கிப்போச்சு. வண்டிய எடுக்காம கவர் போட்டே வச்சிருக்காங்க.

செலவே இல்ல ஆன்ட்டின்னு சந்தோஷமா சொன்னேன். அவங்க மூஞ்சி தொங்கிப்போச்சு. ஒரு டப்பா நெறைய ப்ளம் கேக்க என் கையில திணிச்சிட்டு சொன்னாங்க: "பெரிய பேட்டரி தூக்க நாலு பசங்க வருவாங்கன்னு ராத்திரியே பேக் பண்ணேன், நீ என்னடான்னா கைய வீசிட்டு தனியா வர்ற!"

ஒன் ஸ்டார்

இந்தத் தடவ அந்தோணி அண்ணனுக்கு நான்தான் பாடம் நடத்துனேன். கழுவாதண்ணே, சார்ஜ் போடாதண்ணே, காலையிலேர்ந்து சவாரி ஓட்டிட்டு அப்படியே அழுக்கா வா. வந்தாரு. முன்னாடி ஹெக்டே சார், மடியில லேப்டாப். பின்னாடி கனத்துக்கு நானும் ரெண்டு மெக்கானிக்கும். ஏசி ஃபுல்லு.

ஆனா பக்கத்துல சார் இருக்காரேன்னு மனுசன் ஒவ்வொரு குழிக்கும் வணக்கம் வச்சுட்டு ஓட்டுறாரு. இப்படி அழுத்தாம உருட்டுனா ஆமை எங்கேர்ந்து வரும்? ஃப்ளைஓவர் ஏற ஆரம்பிச்சாச்சு, சைக்கிள்காரன் நம்மளத் தாண்டுறான். சார் லேப்டாப்ப மூடப் போறாரு. கண்ணாடில அண்ணன் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு என்ன வந்துச்சோ தெரியல, ஏர்போர்ட் பேசஞ்சர் குரல எடுத்து உட்டேன்: "பையா, வாட் இஸ் திஸ் யார்! ஃப்ளைட் போயிடும்! ஒன் ஸ்டார்தான் குடுப்பேன்!"

டாக்ஸிக்காரன் காதுல ஒன் ஸ்டார்னு விழுந்தா மூளைய கேக்காமலே காலு அழுத்தும். அழுத்துச்சு. வண்டி ஒரு குதி குதிச்சுது, அப்புறம் பொசுக்குனு அடங்குச்சு. மீட்டர்ல ஆமை! "பந்து! பந்து!"ன்னு ஹெக்டே சாரே கன்னடத்துல கத்துறாரு, வந்துச்சு வந்துச்சுன்னு. ஊர்ந்து போய் ஓரமா நின்னோம். அந்தோணி அண்ணன் ஏசுவே ஏசுவேன்னு சாரைக் கட்டிப் புடிக்கிறாரு. நான் ஆன்ட்டி கேக் டப்பாவத் தொறந்துட்டேன். பின்னாடி ஹாரன் ஊரையே தூக்குது. ட்ராஃபிக் போலீஸ் வந்து எங்கள மாத்தி மாத்திப் பாத்தாரு. எங்க தமிழக் கேட்டுட்டு அவரும் தமிழ்லயே சொன்னாரு: "வண்டி நின்னா அழுவாங்க, அடிச்சுக்குவாங்க, கேக் சாப்புடுறவங்கள இப்பத்தான்யா பாக்குறேன். எனக்கொரு பீஸ் குடுத்துட்டு வண்டியத் தள்ளு!"

மறுபடியும் அலங்காரம்

வாரண்டி முடியறதுக்குள்ள புது பேட்டரி வந்து எறங்குச்சு. மாட்டிக் குடுத்தோம். மறுநாள் காலையில ஷட்டர தூக்குறேன், வாசல்ல அந்தோணி அண்ணன். வாட்டர் வாஷ், பாலிஷ், இப்ப பானெட்டுக்கு சாமந்தி மாலை வேற. ஷட்டர பாதியிலயே உட்டுட்டு ஓடுனேன். "என்னாண்ணே, மறுபடியும் ஆமையா?"

அதெல்லாம் இல்லன்னு தலைய ஆட்டுனாரு. காலர இழுத்து உட்டுக்கிட்டு சொன்னாரு: "ஹெக்டே சார இப்ப வரச் சொல்லு மணி, அன்னிக்கு அழுக்கு வண்டியில உக்கார வச்சது மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு!"

மெக்கானிக்கெல்லாம் வண்டி ஓடணும்னு சாமி கும்பிடுவான், நம்ம பொழப்புல மட்டுந்தான் சரியான ஆளு பக்கத்துல இருக்கும்போது வண்டி சரியா நிக்கணும்னு கும்பிடணும்.