கல் இல்லாத மைதானத்தில் கல் பொறுக்கியவன்

போன சனிக்கிழமை என் மானம் போனது. போக்கியவன் ஜெரால்டு. எங்கள் ராயபுரம் ஃபிளாட்டில் கீழ்வீட்டுப் பையன். இருபத்துமூன்று வயது, ஹாக்கியில் ஃபார்வர்டு. அதாவது கோல் போடுவதுதான் அவன் வேலை. ஒரு வருஷமாக அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறான்.

சனிக்கிழமை ஹாக்கி டீமுக்கு ஆள் எடுக்கும் செலக்‌ஷன். தேறினால் விளையாட்டு கோட்டாவில் வேலை, தினமும் பிராக்டீஸ். இல்லாவிட்டால் எர்ணாவூர் கன்டெய்னர் யார்டில் அவன் மாமா சொல்லி வைத்திருக்கும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். அப்புறம் மட்டையை எங்கே தொடுவது? அவன் அம்மா ஸ்டெல்லாவுக்கு வந்து பார்க்கத் தைரியம் இல்லை. "நீ போய்ப் பாத்துட்டு வாக்கா, எனக்குப் படபடன்னு கீது" என்று என்னைத் துரத்திவிட்டாள்.

போனேன். மேட்சுக்கு முன்னால் எல்லாரும் ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள். நம்மாள் மட்டும் குனிந்த தலை நிமிராமல் கோலுக்கு முன்னால் மெதுவாக நடக்கிறான். என்ன தேடுகிறான்? கல். தண்ணீர் தெளித்த பச்சை டர்ஃபில், செயற்கைப் புல் விரிப்பில்... கல்.

டோல்கேட் பக்கம் அவன் ஆடி வளர்ந்த மண் கிரவுண்டில் அதுதான் வழக்கம். வரிசையாக நடந்து கல் பொறுக்கிவிட்டுத்தான் ஆட்டம். இங்கே எல்லாரும் சிரித்தார்கள். அவன் யாரோ எவரோ என்பதுபோல் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஆட்டத்தில் மூன்று முறை கோலுக்கு நேராகப் பந்து வந்தது. மூன்று முறையும் இவன் அதை நிறுத்தி, சரிபண்ணி, நிமிர்வதற்குள் எதிராளி தட்டிக்கொண்டு போய்விட்டான். ஹாக்கியில் ஆனா ஆவன்னா தெரியாத எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் சேர்க்கவும் இல்லை, கழிக்கவும் இல்லை. அடுத்த மாதம் இன்னொரு தடவை பார்ப்பார்களாம். அதோடு சரி.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "வர்ற பந்த அப்டியே அடிச்சா இன்னாடா?"

"நம்ம கிரவுண்டுல முடியாதுக்கா. கல்லுல பட்டு எகிறும், மூஞ்சி பேந்துடும். நிறுத்திட்டுத்தான் அடிக்கணும்."

"இங்க இன்னா கல்லா கீது?"

"இல்லதான்... கை கேக்க மாட்டேங்குதே."

அவனை என்னவென்று திட்டுவது? குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வரும் வீட்டுக்கு நான் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்னமும் எல்லாக் குடத்தையும் நிரப்பி வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. கஷ்டம் நம்மை விட்டுப் போனாலும், அது பழக்கிய கை போகிறதா?

சும்மா இருந்திருக்கலாம். "நம்ம பார்க்கிங்ல சிமென்ட் தரை மழமழன்னு தான கீது, அங்க அடிச்சிப் பழகேன்" என்று வாயை விட்டேன். மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கு டக்... டக்... சுவரில் பந்து. முதலில் நிறுத்தி நிறுத்தித்தான் அடித்தான், சத்தத்திலேயே தெரிந்தது. மாடி வீட்டுக்காரர்கள் எல்லாரும் என்னைத்தான் முறைக்கிறார்கள். ஒரே பேஜார்.

நேற்று ஸ்கூட்டரை எடுக்கப் போனால் ஹெட்லைட் சுக்குநூறு. தூணுக்குப் பின்னால் மட்டையோடு ஜெரால்டு.

"ஸாரிக்கா. வந்த வேகத்துல அப்டியே அடிச்சிட்டேன்."

"நிறுத்தலியா?"

"இல்லக்கா."

திட்டுவதை விட்டுவிட்டு, பந்து பட்டு எகிறாமல் இருக்கக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன்.

இன்றுமுதல் என் ஸ்கூட்டர் தெருவில்தான் நிற்கிறது.