நாற்பத்து நாலா, நாற்பத்தெட்டா

ஜெயநகர் கம்பெனியில் மகாபலேஷ்வர் ஹெக்டே சொன்னால் அது வேதவாக்கு. ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றும் இயந்திரத்துக்கு இருபது வருஷமாக புரோகிராம் எழுதுகிறவர். தன்கீழ் வேலை பார்க்கும் நிங்கராஜுவோடு தினமும் ஒரே காபியை இரண்டு டம்ளரில் பங்கு போட்டு, பை-டூ குடிப்பார். அப்படிப்பட்டவனிடம்தான் அடக்காமல் வாயை விட்டார் என்பது வயிற்றெரிச்சல்.

புதுக் கம்பைலருக்கு மாறிய வாரம் அது. எழுதியதை இயந்திர மொழியாக்குவதோடு, நினைவகத்தில் ஒதுக்கிய எல்லையைத் தாண்டினால் நிறுத்தியும் விடும். சோதனையில் நிங்கராஜுவின் பகுதி வந்ததும் இயந்திரம் பொட்டென்று நின்றது. நாற்பத்து நாலு பைட் இடத்தில் நாற்பத்தெட்டு எழுதிவிட்டானாம்.

"நாப்பத்தெட்டு பைட் இடம் கேட்டு வாங்கித்தான் சார் எழுதினேன். பழைய கம்பைலர் ஒண்ணும் சொல்லலையே."

"நாலாங்கிளாஸ் கணக்குப்பா இது! உன்ன நம்பி ஒரு நோயாளிக்கு ஊசி குத்த முடியுமா?"

மொத்த அறையும் சிரித்தது. நிங்கராஜு அந்த மாதமே வேலையை விட்டான். போகட்டும் என்று ஹெக்டே விட்டுவிட்டார்.

எட்டு மாதம் கழித்து ஹெக்டே எழுதியதே அதே மாதிரி நின்றது. தன் கணக்கு தப்பாது என்ற திமிரில் இரண்டு கம்பைலரிலும் ஓட்டிப் பார்த்தார். பழையது நாற்பத்தெட்டு என்றது, புதியது நாற்பத்து நாலு. தலைப்பகுதி பன்னிரண்டு பைட், அதன்பின் விவரம் முப்பத்திரண்டு, ஆக நாற்பத்து நாலுதான். எட்டெட்டாக அளக்க வசதியாகக் கடைசியில் நாலு வெறும் பைட் ஒட்டிக்கொள்ளும். காந்தி பஜாரில் காய் வாங்கினால் போடுகிற கொசுறுதான். பழைய கம்பைலர் கொசுறையும் எடையில் சேர்த்தது, புதியது சேர்க்கவில்லை. பழையது சொன்ன அளவை நம்பி எழுதிய நிங்கராஜு யார் இடத்திலும் கால் வைக்கவில்லை.

ஹெக்டே உடனே நிங்கராஜுவுக்குப் போன் போட்டார்.

"நிங்கா, தப்பு உன்னுது இல்லப்பா. ரெண்டு கம்பைலரும் வேற வேற மாதிரி எண்ணுது. நான்தான் பார்க்காம வாயை விட்டுட்டேன்."

"அப்படியா சார்? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன். எனக்கு இந்த வேலையே வராதுன்னு ஊருல மாமனார் ஹார்டுவேர் கடையில உட்கார்ந்துட்டேன்."

"திரும்பி வந்துடுப்பா. நான் எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"வேணாம் சார். இப்ப ஒரு டஜன் திருகாணி குடுக்கவே மூணு தடவை எண்ணுறேன். அப்பறமும் மாமனாரை ஒரு தடவை எண்ணச் சொல்றேன்."