பாலத்துக் குளிர்

பினாங்கில் குளிரா என்று சிரிப்பவர்களை என் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏற்றி, நவம்பர் மழையில், காலை ஆறு மணிக்குப் பாலத்தின் மேல் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. கனடாவில் இருக்கும் என் அத்தை மகன் அப்படிச் சிரித்தவன்தான். அங்கே வாசலில் பனியை மண்வெட்டியால் அள்ளுகிறானாம். அள்ளட்டும். அள்ளி முடித்து, காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டுதானே வேலைக்குப் போகிறான். நான் நனைந்த உடம்போடு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் கடற்காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறேன். வெப்பமானி என்ன காட்டினாலும் எனக்குக் கவலையில்லை. பல் தந்தியடித்தால் அது குளிர்தான்.

வீடு தாசேக் கெலுகோரில். வேலை பாயான் லெப்பாஸில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். நடுவில் கடல், அதன் மேல் அந்தப் பாலம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொழிற்சாலை பஸ் எங்கள் ஊர்வரை வரும். பிறகு எங்கள் பக்கத்து ஆட்கள் குறைந்துபோக, பஸ் பாதி வழியிலேயே திரும்பிக்கொண்டது. பாதி தூரம் நானாகப் போக வேண்டுமென்றால் முழுத் தூரமும் நானாகவே போகிறேன் என்று சொல்லி ஒரு பழைய கப்சாய் மோட்டாரை வாங்கினேன். பதினொரு வருடம் ஆகிறது. பெண்பிள்ளை பாலத்தில் மோட்டார் ஓட்டுவதா என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லவில்லை. ஓட்டிக் காட்டினேன். உள்ளதைச் சொன்னால், அந்த ஒரு மணி நேரம்தான் நாள் முழுவதும் யாரும் என்னை எதுவும் கேட்காத நேரம். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

குளிருக்கு நாங்கள் செய்வது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டுக்கொள்வோம். முதுகுப் பக்கம் நெஞ்சுக்கு வரும், திறந்த பக்கம் முதுகுக்குப் போகும். நெஞ்சில் தையலும் இல்லை, ஜிப்பும் இல்லை. காற்று நுழைய வழி கிடையாது. பெரும்பாலோர் கையை மட்டும் நுழைத்துக்கொண்டு முதுகைத் திறந்தே விட்டுவிடுவார்கள். எனக்கு அது போதாது. பின்னால் ஜிப்பையும் கழுத்துவரை இழுத்து மூட வேண்டும். காலையில் அதை இழுத்து விடுவது என் கணவரின் வேலை. தூக்கக் கண்ணோடு எழுந்து வந்து, இழுத்து மூடிவிட்டு, மறுபடி போய்ப் படுத்துவிடுவார். தொழிற்சாலையில் மோட்டார் நிறுத்தும் இடத்தில் கழற்றிவிட யாராவது வேண்டும். அங்கே முன்பின் தெரியாத ஆளிடமும் முதுகைக் காட்டி நிற்பேன். அவரும் சும்மா ஜிப்பை இறக்கிவிட்டுப் போய்விடுவார். அங்கே வழக்கமே அப்படித்தான் ஆகிவிட்டது.

நெஞ்சுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் செய்தித்தாள் வைப்பேன். என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். ஒருமுறை அவர் உரப் பையின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையை மூன்று தடவை கழுவி, கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி, இதைப் போட்டுக்கொள், காற்றுப் புகவே புகாது என்றார். உண்மைதான், புகவில்லை. உள்ளே வேர்த்த வேர்வையும் வெளியே போகவில்லை. பாலத்தின் நடுவில் அந்த வேர்வை சில்லிட்டது. மழையில் நனைந்திருந்தால்கூட இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன். அன்றைக்கு முழுவதும் என் மேல் உர வாடை அடித்தது. பக்கத்து இருக்கைப் பெண் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாளே செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டேன்.

உடம்பை மூடக் கற்றுக்கொண்டேன். கையை மூடத்தான் வழி தெரியவில்லை. துணிக் கையுறை, அதற்கு மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை, மணிக்கட்டில் ரப்பர் வளையம். அப்படியும் பாலம் முடியும்போது விரல்கள் என்னுடையவையாக இருக்காது. இது வேறு யாருக்கும் பெரிய விஷயமாக இருக்காது. என் வேலையே விரலில்தான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, இடுக்கியால் அரிசிக் குருணையைவிடச் சின்ன சிப்புகளை எடுத்து, கீறல் இல்லாமல் தட்டில் அடுக்க வேண்டும். பதினேழு வருடமாக அந்த இருக்கையில் இருக்கிறேன். அந்த வரிசையில் என்னைவிடச் சுத்தமாக அடுக்க ஆள் இல்லை என்று நான் சொன்னால் அது பெருமை இல்லை, கணக்கெடுத்தவர்களே சொன்னது.

சென்ற வருடம் மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, வேலை தொடங்கிப் பத்து நிமிடத்தில், என் கை ஆடி ஒரு தட்டு முழுவதும் சரிந்தது. சூப்பர்வைசர் வந்தார். எனக்குத் தம்பி வயது, மரியாதையான பையன். அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். மூன்று வாரமாக என் தட்டுகளில் வந்த கீறல்கள் எல்லாம் காலையின் முதல் அரைமணி நேரத்தில் வந்தவை. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கைத்தேர்வு, அதில் தேறாவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து பேக்கிங் பகுதி என்று சொன்னார். நாற்பது சிப்பு, இருபது நிமிடம், ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. பேக்கிங் மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை. நல்ல பெண்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அது என் இடம் இல்லை. என் கண்ணும் கையும் பழகிய இடத்திலிருந்து, மழைக்குப் பயந்து எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது ஹெல்மெட்டுக்குள் அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

செய்தி பரவியதும் ஆளாளுக்கு உதவ வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். தீவுப் பக்கம் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருக்கும் என் தங்கை, வியாழக்கிழமை சாயங்காலமே தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னாள். அங்கிருந்து பாலமும் இல்லை, காற்றும் இல்லை, சுடச்சுட மைலோ குடித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் போய்விடலாம் என்றாள். நல்ல யோசனைதான். ஒற்றைக் காலில் நின்று மறுத்தேன்.

"வெள்ளிக்கிழமை உன் வீட்டுலேருந்து போய் பாஸ் பண்ணிடுவேன். திங்கக்கிழமை எந்தக் கையோட போறது?" என்று கேட்டேன்.

அவள் என்னை வீம்புக்காரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். தப்பாகச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மழை வந்தது. லேசான மழை இல்லை, கூரைத் தகரத்தைப் பிய்த்துவிடும் மழை. என் கணவர் ஜிப்பை இழுத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் திரும்பிப் போய்ப் படுக்காமல் கேட் அருகே குடை பிடித்துக்கொண்டு நின்றார். போகாதே என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து நான் அவர் முகத்தைப் பார்க்காமலே கிளம்பினேன்.

பாலத்துக்கு முன்னால் ஒரு மேம்பாலத்தின் அடியில் பத்துப் பதினைந்து மோட்டார்கள் ஒதுங்கியிருந்தன. நானும் நிறுத்தினேன். கையைச் சூடாக்கிக்கொண்டு ஏறலாம் என்று எஞ்சினுக்கு மேல் இரண்டு கையையும் விரித்துப் பிடித்தேன். இதை எல்லோரும் செய்வார்கள். ஆனால் எல்லோரும் ரப்பர் கையுறையோடு செய்வதில்லை. அவசரத்தில் வலது கை புகைக்குழாயில் பட்டு, கையுறை அதிலேயே ஒட்டிக்கொண்டது. ரப்பர் கருகும் நாற்றம் வந்தபோதுதான் கையை இழுத்தேன். தோல் தப்பியது, கையுறை போனது. பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மழை நிற்கட்டும் என்று நின்றால் ஏழு மணி ஆகிவிடும். ஈரத் துணிக் கையுறையை மட்டும் மாட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினேன். ஆக்சிலேட்டர் பிடிப்பதும் அந்தக் கைதான், இடுக்கி பிடிப்பதும் அந்தக் கைதான்.

பாலத்தின் மேட்டில் காற்று பக்கவாட்டில் தள்ளியது. மழைத்துளி விரலில் கல் மாதிரி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வலி நின்றுவிட்டது. வலி நிற்பதுதான் மோசம் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தையையும் தமிழிலும் மலாயிலும் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஹெல்மெட்டுக்குள் யார் கேட்கப் போகிறார்கள்.

ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது காய்ந்த துணி மாற்றி, மேலங்கி, முகமூடி எல்லாம் போட்டு, தேர்வு அறையில் உட்கார்ந்திருந்தேன். நானும் சூப்பர்வைசரும் மட்டும். அறையில் ஏர்கண்டிஷன் வேறு. மணி அடித்ததும் அவர் கடிகாரத்தை ஓடவிட்டார். விரல்நுனி ரப்பர் உறைகளை மாட்டி, இடுக்கியை எடுத்து, முதல் சிப்பை நெருங்கினேன். நுண்ணோக்கிக்குள் சின்ன நடுக்கமும் பெரிதாகத் தெரியும். இடுக்கியின் முனை இங்கும் அங்கும் ஆடியது. இன்னும் ஒரு நூல் இறக்கினால் கீறல் விழும்.

நான் இடுக்கியைக் கீழே வைத்தேன். விரல் உறைகளைக் கழற்றிப் போட்டேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா, டைம் ஓடுது லா" என்றார் மெதுவாக.

"ஓடட்டும் தம்பி."

அது ஓடியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். விரல்களில் முதலில் ஊசி குத்தியது, பிறகு எரிந்தது. அப்படி உட்கார்ந்திருந்தபோது எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட நான் இதைச் செய்ததில்லை. மணி அடித்தால் முதல் ஆளாக இடுக்கியை எடுப்பேன். கை விறைத்திருக்கிறது என்று யாருக்கும் காட்ட மாட்டேன். காட்டினால், தூரத்திலிருந்து மோட்டாரில் வருகிறாள், பெண்பிள்ளை, அவளால் முடியவில்லை என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம். காற்றை எதிர்த்தேன், மழையை எதிர்த்தேன், வீட்டையும் ஊரையும் எதிர்த்தேன். ஒரு கடிகாரத்துக்கு மட்டும் பயந்து, நடுங்கும் கையை நடுங்காத கையாகக் காட்டி நடித்திருக்கிறேன். அத்தனை கீறலும் அந்த நடிப்பில் விழுந்தவை.

ஆறு நிமிடம் உட்கார்ந்தேன். பிறகு புதிய உறைகளை மாட்டிக்கொண்டு தொடங்கினேன். முனை ஆடவில்லை. மீதி பதினான்கு நிமிடத்தில் நாற்பது சிப்பையும் அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது கழுத்து வலித்தது. அவர் ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்தார். வேண்டுமென்றே மெதுவாகப் பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. கீறல் இல்லை. தாளில் கையெழுத்துப் போட்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா. நானே அஞ்சு நிமிஷம் குடுத்திருப்பேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"நீங்க குடுக்க வேணாம் தம்பி. நானே எடுத்துக்குவேன்" என்றேன்.

எடுத்துக்கொள்கிறேன். மழை நாளில் மணி அடித்ததும் என் இருக்கையில் போய், எல்லோரும் பார்க்க, கையின் மேல் உட்காருகிறேன். முதல் வாரம் சிலர் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் கூலிமிலிருந்து மோட்டாரில் வரும் பெண்ணும் உட்கார்ந்தாள். அந்தப் பழைய கீறல்கள் இப்போது எங்கள் இரண்டு பேர் தட்டிலும் வருவதில்லை. சூப்பர்வைசர் எங்களைக் கடந்து போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்.

போன மாதம் புதிதாக வந்த மேனேஜர் வரிசையைச் சுற்றிப் பார்த்தார். அன்றும் நல்ல மழை. என் முன்னால் நின்று, மணி அடித்தாயிற்றே, இன்னும் ஏன் தொடங்கவில்லை என்று கேட்டார். வரிசை முழுவதும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. நான் எழுந்திருக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை.

"நான் வந்துட்டேன் சார். என் கை இன்னும் பாலத்துல வந்துகிட்டு இருக்கு."