சாயம் ஏறாத திங்கட்கிழமை

அன்பார்ந்த அடியார்களே, கேட்டருளுங்கள்.

சென்ற கார்த்திகையில், பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் பதிகம் பாடிக்கொண்டிருந்த எனக்குப் பாதியிலேயே மூச்சு தடைப்பட்டது. நெஞ்சின் நடுவே யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவதுபோல் ஒரு பாரம். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதுற்றவன் நான். மருந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் டயாலிசிஸைத் தள்ளிப்போட்டு வந்தேன்.

கிள்ளான் மருத்துவமனையில், சாயம் செலுத்தி இதயத்தை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். அந்தச் சாயம், சிறுநீரகத்தில் எஞ்சிய இயக்கத்தையும் முடக்கிவிடலாம். எடுக்காவிட்டால் இதயத்துக்கு உத்தரவாதமில்லை. டயாலிசிஸ் நாற்காலியிலேயே என் தம்பி தேய்ந்து மறைந்ததைக் கண்டவன் நான். அன்றிரவு வீட்டில் பூசை விளக்கின் முன் அமர்ந்தும் பாட நா எழவில்லை. "ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கேட்காதே, பெருமானே" என்று அழத்தான் முடிந்தது.

ஸ்கேன் ஒரு சோமவாரத்தன்று அமைந்தது. அதை அருட்குறியாகவே கொண்டு, முந்தின மாலையிலிருந்து நீரும் அருந்தாமல் நோன்பிருந்தேன்.

"அங்கிள், தண்ணி நல்லா குடிச்சீங்களா?" என்று கேட்டார் தாதி.

"விரதம்மா. ஒரு சொட்டுகூட இல்ல."

"ஐயோ அங்கிள்! சாப்பாடுதான் வேணாம்னு சொன்னோம். தண்ணி குடிச்சாத்தான் கிட்னி சாயத்தைத் தாங்கும் லா!"

மேரு என்னும் பக்கத்து ஊரில் வேலைக்கு விடுப்பெடுத்து வந்திருந்த என் மகள் மாலதிக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமி கேக்கலப்பா. நீங்களாத்தான் கிட்னியைக் குடுக்குறீங்க" என்றாள்.

இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் மேலும் தளர்ந்திருந்தது. ஸ்கேனை நிறுத்தி, உப்புநீர் ஏற்றினார்கள். பக்தி என்று நான் எண்ணியதே என்னை வீழ்த்தப் பார்த்தது. வெட்கத்தில் மகளின் முகத்தை நோக்க இயலவில்லை. சிவசிவ என்று மட்டும் முணுமுணுத்தேன்.

ஸ்கேன் நின்றுபோனதால், மூத்த இதய மருத்துவர் ஒருவர் வந்து என்னைப் பார்த்தார்.

"ஐயா, சாயத்துக்கு இப்ப என்ன அவசரம்? மருந்து குடுத்து இதயத்தை வேகமா ஓட விட்டு, எக்கோ ஸ்கேன்ல பாத்துருவோம். அதுக்குச் சாயமே வேணாம்" என்றார்.

உடல் சற்றுத் தேறியபின் அவ்வாறே பார்த்தார்கள். இதயத்தின் ஒரு பகுதி மட்டும் சோர்ந்திருந்தது. மருந்தே இப்போதைக்குப் போதும், வலி கூடினால் மட்டும் மறுபடி யோசிக்கலாம் என்றார் அவர். ஒன்றுக்காக மற்றொன்றைக் கேட்காத வழி, நான் அழுது கேட்டது அதுதான். மருத்துவமனை என்றும் பாராமல் கைகூப்பி நின்றேன்.

என் பட்டினி அருளைக் கொண்டுவந்தது என்று எவரும் கொள்ள வேண்டாம். என் அறியாமையையும் பொறுத்து அருள் வந்தது. அச்சம் முற்றும் அகலவில்லை. சிறுநீரகம் இனி மீளாது என்பதை அறிவேன். ஆயினும் இப்போது எந்த நோன்பையும் மருத்துவரைக் கேட்டே ஏற்கிறேன். குரல் தாழ்ந்துவிட்டது. பாடலோ நிற்கவில்லை.

உங்களுக்கும் நெஞ்சம் நடுங்கும் வேளை வரலாம். நடுக்கத்தை மறைக்காமல் அவன் திருவடியில் வையுங்கள். எழுந்து சென்று, அதே நடுக்கத்தை மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் கேட்பவன் அவனே.